அகராதி போட்ட போன்

“ரிசிண்ட்னு போட்டிருக்கான். அவ்வளவுதான், முடிஞ்சுது.” மனைவிக்கு வந்த கடிதத்தை மேஜையில் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார் அகராதி. நர்ஸ் வேலைக்காக அவள் ஏழு மாதமாக நடையாய் நடந்த ஆஸ்பத்திரியின் கடிதம் அது.

அகராதி என்பது அச்சகத்தில் வைத்த பெயர். அங்கே அவர் பிழை திருத்துபவர். சொல் சொல்லாக விரல் வைத்துப் பார்ப்பார். முந்நூறு பக்கம் பார்த்து முடித்த பிறகு புத்தகம் எதைப் பற்றியது என்று கேட்டால் திருதிருவென விழிப்பார்.

“ஏங்க, அதுல...”

“குறுக்க பேசாத. லத்தீன்ல இருக்கு இதுக்கு வேர். வெட்டறதுன்னு அர்த்தம். குடுத்ததைத் திருப்பி வாங்கி வெட்டிப் போட்டேன்னு சொல்றான். ரத்துதான், ஆனா சாதாரண கேன்சல் இல்ல இது. கோர்ட்டு, கவர்ன்மென்ட்டு எல்லாம் கோட்டு மாட்டிக்கிட்டுச் சொல்ற வார்த்தை.”

அவள் இன்னும் இரண்டு முறை வாயைத் திறந்து பார்த்தாள். செவிடன் காதில் சங்கு ஊதி என்ன பயன் என்று உள்ளே போய், வெள்ளைச் சீருடையை இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

இனிப் போடவே முடியாத உடுப்புக்கு இஸ்திரி போடுகிறாளே என்று அவருக்குத் துக்கமாக இருந்தது. போன மாதம் முழுக்க முகம் வாடிக் கிடந்தவள். துக்கம் கோபமாகி, கடிதத்தின் தலைப்பில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

எடுத்த அதிகாரியிடம் கடித எண்ணைப் படித்துவிட்டு, அவரை மூச்சுவிட விடவில்லை. “உங்களுக்கு மட்டும்தான் ரிசிண்ட் பண்ணத் தெரியுமா? என் பொண்டாட்டி போட்ட அப்ளிகேஷனை இந்த நிமிஷமே நாங்க ரிசிண்ட் பண்றோம். எழுதிக்குங்க.”

“அப்படியா சார்? சரி, லிஸ்ட்ல அடுத்து இருக்கிறவங்களைக் கூப்பிட்டுக்கறோம்.”

“யாரை வேணா கூப்பிடுங்க.” போனை வைத்தவருக்கு, முப்பது வருடம் அகராதி புரட்டியதற்கு அன்றுதான் பலன் கிடைத்ததாகத் தோன்றியது. மீசையைத் தடவிக்கொண்டே உள்ளே போனார்.

“நம்ம மானத்தைக் காப்பாத்திட்டேன். அந்த உடுப்பை மடிச்சு உள்ள வை.”

“எதுக்கு? போன மாசம் வேலை இல்லைன்னு ஒரு லெட்டர் வந்துச்சு. உங்ககிட்ட காட்டினா ஒரு வாரம் பாடம் எடுப்பீங்கன்னு ஒளிச்சுட்டேன்,” என்றாள் அவள், காலரைத் திருப்பிப் போட்டபடி. “அந்த லெட்டரைத்தாங்க ரத்து பண்ணியிருக்காங்க. நாளைக்குக் காலைல சேரணும்.”