தழும்பு தெரியாது

“ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு இப்பத்தான் மாரை எடுப்பா வச்சுக்கணும்னு தோணுதாக்கும்?” என்றாள் ரத்தினம். ஆஸ்பத்திரி வராண்டா முழுக்கக் கேட்டது. அவளுக்கு மெல்லப் பேசத் தெரியாது. தெரிந்தாலும் பேச மாட்டாள்.

வெள்ளத்தாய் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மார்பு ஆபரேஷன் விஷயம் சொந்த ஊரில் தெரிய வேண்டாம் என்றுதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி ராஜபாளையம் வந்திருந்தார்கள். போன மாதமே எப்படியோ மோப்பம் பிடித்துவிட்ட புருஷனின் அக்கா ரத்தினமும் கூடவே ஏறிவிட்டாள்.

“கேபிள் டி.வி. வந்ததுலருந்து பொம்பளைக ஒரு நிலையில இல்ல. எந்தம்பி வாயில்லாப் பூச்சி. திருச்செந்தூர்ல பிள்ளைக்கு மொட்டை போட்டன்னைக்கு இவ உள்ள போயி நிதானமாச் சாமி கும்பிட்டா. அவன் பாவம், வெளியவே செருப்புக்குக் காவல் நின்னான்.”

வாயில்லாப் பூச்சியான தனுஷ்கோடி, சுவரில் தொங்கிய காலண்டரை அதிசயம் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதுரையிலிருந்து சனிக்கிழமை மட்டும் வரும் டாக்டர் அவர்களைக் கூப்பிட்டார்.

“நீங்க செத்த நேரம் வெளிய இருங்க மதினி.”

“ஏன்ட்டி, எனக்குத் தெரியாம என்ன ரகசியம்?” ரத்தினம் முந்திக்கொண்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். “முன்னெல்லாம் நீளமா வெட்டுவோம், தழும்பு அசிங்கமா நிக்கும். இப்ப காம்பைச் சுத்தியிருக்கிற கறுப்பு வட்டத்தோட ஓரத்துல மட்டும் கீறுவோம். ஆறினப்புறம் தழும்பு தெரியவே தெரியாதும்மா.”

“ஆமா, யாருக்குக் காட்டப் போறாளாம்?” என்றாள் ரத்தினம்.

வெள்ளத்தாய்க்கு முகம் சுண்டிப் போனது. ஒரு மாதமாக வீட்டில் வாங்கிய பேச்சு போதாதென்று இங்கே அந்நிய மனிதர் முன்னாலுமா? தனக்காக ஒரே ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று புருஷனைப் பார்த்தாள்.

தனுஷ்கோடி தொண்டையைச் செருமினான். “நானும் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டேன்க்கா. இவதான் கேக்க மாட்டேங்கா.”

அக்காவிடம் நல்ல பெயர் வாங்கிவிட்டானாம். மீசையை வேறு தடவிக்கொண்டான்.

நர்ஸ் மூலையில் இருந்த திரையை விலக்கினாள். “உள்ள போயிப் படும்மா, பாத்துடலாம்” என்றார் டாக்டர்.

வெள்ளத்தாய் நகரவில்லை. போர்த்தியிருந்த தலைப்பை இறக்கி இடுப்பில் செருகிக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள்.

“உங்க மாருக்காக நான் பேச்சு வாங்குனது போதும். எந்திரிச்சுப் போயிச் சட்டையைக் கழட்டுங்க!”