புளித்த இடம்

டப், டப் என்று ஒரு பெண்ணின் இதயத்தின் சத்தம். அந்தத் தாளத்தில் ரத்தத்தோடு மிதந்து வந்தது, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜெல் உருண்டை. அதன் வயிற்றில் புற்றுநோய் மருந்து. கட்டி இருக்கும் இடம் அமிலம் ஊறிப் புளிக்கும், அங்கே மட்டும் திற என்று சொல்லி மருத்துவர்கள் அனுப்பியிருந்தார்கள்.

ஓரிடம் புளித்தது. உருண்டை திறந்து முழுவதையும் கொட்டியது.

"ஐயோ, எரியுதே! நான் கெண்டைக்கால் தசைய்யா. கட்டி மேல, மார்புல இருக்கு!"

"அப்புறம் நீ ஏன் புளிக்கிறே?"

"பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு மாடி ஏறிக்கிட்டிருக்கா. ஓய்ஞ்சுபோனா புளிக்காம இனிப்பேனா?"

உருண்டை தன் காலி வயிற்றைப் பார்த்தது. "அவளுக்காக என்கிட்ட இருந்தது அவ்வளவுதான்."

அவள் அடுத்த படியில் கால் வைத்திருந்தாள். தசை அந்த எரிச்சலோடு அவளையும் பிள்ளையையும் தூக்கிவிட்டது.