வித்தியாசம் பூஜ்யம்

வேலையை விட்டுப் போகிறவர்தான் கேக் கொண்டுவர வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர அலுவலகங்களில் அதுதான் வழக்கம். வேலையை விட்டு நீக்கப்பட்ட வீப்கேயும் கொண்டுவந்திருந்தாள்.

"என்மேல கோபம் இல்லையே?" என்று ஒரு துண்டு எடுத்தார் மேலாளர் ஆன்ஸ்கர்.

"விஷமெல்லாம் வைக்கலை, தைரியமா சாப்பிடுங்க."

கணினிக்குள் கணக்குப் போடும் நிஜப் பிராசசரைப் போலவே, அதன் தப்புகள் உட்பட, நடந்துகொள்ளும் போலிப் பிராசசரை மென்பொருளாகச் செய்து விற்கும் நிறுவனம் அது. இரண்டுக்கும் ஒரே கட்டளையைக் கொடுத்து, விடைகளை ஒப்பிடுவது வீப்கேயின் வேலை. வீட்டில் ஒப்பிட்டபோது ஒத்துப்போகவில்லை என்று அவள் மட்டும் விற்பனைக்குக் குறுக்கே நின்றாள்; வேலை போனது.

"ஆபீஸ்ல எத்தனை தடவை ஓட்டினாலும் வித்தியாசம் பூஜ்யம். உங்க வீட்டு மெஷின்ல மட்டும் வருதுன்னா, கோளாறு அதுலதானே?" என்றார் ஆன்ஸ்கர். " நம்மகிட்ட வாங்கின ஆஸ்பத்திரியில அது காலையிலேயே ஓட ஆரம்பிச்சாச்சு, தெரியுமா?"

"நேத்து நம்ம நிஜ மெஷினை ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு போனேன். இடம் காலியா இருந்துச்சு."

"காலியா?"

"ஆபீஸ் மெஷின் எல்லாத்தையும் நம்ம மென்பொருளுக்குள்ளயே மாத்தணும்னு கோடையில உத்தரவு போட்டீங்களே! மெஷின்களைப் பார்த்துக்கிற நம்ம டீனோ, ஒப்பிடுறதுக்கு வச்சிருந்த அந்த நிஜ மெஷினையும் சேர்த்து மாத்திட்டான். அன்னியிலேருந்து ஆபீஸ்ல போலியைப் போலியோடதான் ஒப்பிட்டிருக்கோம். நிஜப் பிராசசர் என் வீட்டுல மட்டும்தான் இருக்கு."

டீனோ தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

"அப்போ... ஆஸ்பத்திரியில?" ஆன்ஸ்கர் கேக்கைத் தட்டில் வைத்தார்.

வீப்கே மேலங்கியை மாட்டிக்கொண்டாள்.

"இன்னொரு துண்டு எடுத்து வச்சுக்குங்க. இன்னிக்கு ராத்திரி நீங்க வீட்டுக்குப் போக முடியாது."