நாலு ஆட்டம்

லைட்மேன் ஏகாம்பரத்துக்குத் தயாரிப்பாளர் குலசேகரன் வைத்த கூலி பாக்கி பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். கூலிக்கொலையாளியைப் பற்றிய குலசேகரனின் ரீமேக் படமோ ஊரெல்லாம் ஓடியது. படத்தின் செயலியில் எந்த ரசிகர் கருத்துக்கு அதிக லைக் விழுகிறதோ, அதன்படி அடுத்த ஆட்டத்துக்குள் கணினி படத்தையே மாற்றிவிடும்.

ஏகாம்பரம் எழுத்துக்கூட்டிப் பதிந்தார்: "வில்லன் சப்பை. கூலி குடுக்காத குலசேகரன் மூஞ்சிய வைங்க. மெதுவா கொல்லட்டும்."

பாக்கி நின்ற அத்தனை தொழிலாளிகளும் சொந்தபந்தத்தோடு லைக் போட்டார்கள். மாலை ஆட்டத்தில் திரையில் குலசேகரன் கெஞ்சிக் கெஞ்சிச் செத்தார். தியேட்டரே எழுந்து ஆடியது.

அதுவரை "டேய்" என்றே கூப்பிட்ட நிஜக் குலசேகரன் போனில் குழைந்தார். "ஏகாம்பரம் அண்ணே, என் மச்சானே விசிலடிக்கிறான். முழுப் பணமும் தந்துடுறேன், அந்தக் கருத்த அழிச்சிடுங்க."

"பாக்கியத் தள்ளுபடி பண்ணிட்டேன் மொதலாளி. நாளைக்கு நாலு ஆட்டத்துக்கும் டிக்கெட் எடுத்தாச்சு."