நான்காவது தூண்

தூண்டில் நரம்பு நான்காவது தூணின் வயிற்றுக்குள் நுழைய மறுத்தது.

அவள் அதன் நுனியை எச்சிலால் நனைத்து மறுபடியும் விட்டாள். இந்த முறை போய்விட்டது. மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்த நுனியைப் பிடித்து ஒரு வளையம் போட்டாள். ஒரு விரல் நுழையும் அளவுக்கு.

வாசலில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பழைய ரயில் பாலத்துக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது. பழையதை மாதிரியாகச் செய்து கண்காட்சிக் கூடத்தில் வைத்து மரியாதை பண்ணப் போகிறார்களாம். செய்து தர முடியுமா என்று கேட்டபோது, கூலி என்ன என்றுகூடக் கேட்காமல் அவள் தலையாட்டினாள்.

அந்தப் பாலத்தை வெறுத்த அளவுக்கு அவள் மனிதர்களைக்கூட வெறுத்ததில்லை. ஒரே ஒருவரைத் தவிர.

ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. பித்தளைத் தகட்டைப் பின்பக்கம் ஊசியால் குத்திக் குத்தி ரிவெட்டுகளை எழுப்பினாள். தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு கர்டர்களுக்கு அதே துருச் சிவப்பு. ஒவ்வொரு தூணிலும் அபாயக் கோடு. ஆற்றில் நிஜத் தண்ணீர்தான் வேண்டும் என்று அடம் பிடித்தாள். நீல விசையை அழுத்தினால் வெள்ளம் ஏறும். கோட்டைத் தொட்டதும், ரயில் பாலத்தின் முகப்பில் தானாக நின்றுவிடும்.

அங்கே, தண்டவாளத்தின் ஓரமாக, சிவப்புக் கொடியுடன் சுண்டுவிரல் நக அளவில் ஓர் ஆள். பாலக் காவலர் கலியமூர்த்தி. அவளுடைய அப்பா.

அன்றும் வெள்ளம் கோட்டைத் தொட்டது. அப்பா கொடியை விரித்துக்கொண்டு தண்டவாளத்தின் நடுவில் நின்றார். ரயிலில் தணிகாசலம் இருந்தார். அப்போது ரயில்வேயில் இளம் பொறியாளர். மச்சினிச்சி கல்யாணத்துக்கு முகூர்த்த நேரம் தவறிக்கொண்டிருந்தது அவருக்கு. வெள்ளைச் சட்டையோடு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "விடுய்யா, ஒண்ணும் ஆகாது" என்று கத்தினார்.

அப்பா விடவில்லை.

வெள்ளம் வடிந்தது. பாலம் விழவில்லை. விழாமல் நின்ற அந்தப் பாலமே அப்பாவுக்கு எதிர்சாட்சி ஆகிவிட்டது. தண்ணீர் கோட்டைத் தொடவே இல்லை என்று தணிகாசலம் விசாரணையில் சொன்னார். பெரிய மனிதர் சொன்னால் தண்ணீரும் இறங்கித்தானே ஆக வேண்டும். வேலை போயிற்று. குவார்ட்டர்ஸ் போயிற்று. ரயிலை மறித்த பைத்தியம் என்ற பெயர் மட்டும் போகிற இடமெல்லாம் கூடவே வந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் அவள் மாரியம்மனிடம் ஒரே வரம்தான் கேட்டாள். இந்தப் பாலம் விழ வேண்டும். ஆள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து விழட்டும் என்று முதலில் கேட்டாள். அப்புறம் அந்த நிபந்தனையையும் விட்டுவிட்டாள்.

அம்மன் காது கொடுக்கவில்லை. அப்பா கண்ணை மூடும் வரைக்கும் பாலம் கல்லுக்குண்டாக நின்றது.

அழைப்பிதழில் திறந்து வைப்பவர் தணிகாசலம் என்று பார்த்த அன்றுதான் நான்காவது தூணைப் பிரித்தாள். கர்டரைத் தாங்கிய ஆணியை எடுத்தாள். நரம்பை இழுத்தால் நழுவிவிடும் ஒரு முள்ளை அங்கே வைத்தாள்.

அன்றைக்கு ரயிலை விட்டிருந்தால் பாலம் விழுந்திருக்குமா? அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

இன்றைக்கு விழும்.

தணிகாசலம் வந்தார். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. தலை நரைத்த பிறகும் அதே மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ரிப்பனை வெட்டினார். மேசையைச் சுற்றி வந்தார். கொடி பிடித்த ஆளைப் பார்த்தார். யாரென்று கேட்கவில்லை. அவள் யாரென்றும் கேட்கவில்லை.

"பிரமாதம்மா. அப்படியே நம்ம பாலம்."

நம்ம பாலம்.

நீல விசையை அவரே அழுத்தினார். தண்ணீர் ஏறியது. ரயில் வந்தது. தண்ணீர் கோட்டைத் தொட்டதும் நின்றது. கூட்டம் கைதட்டியது. பிறகு எல்லோரும் நின்ற ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ்வளவுதானா? பாலத்து மேல போகாதா?" என்றார் தணிகாசலம்.

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

"தண்ணி கோட்டைத் தொட்டுருச்சு சார். விடலாங்களா?"

"பொம்மை ரயில்தானம்மா. விடு, ஒண்ணும் ஆகாது."

அப்பா தூக்கத்தில்கூடச் சொல்லிப் புலம்பிய அதே வார்த்தை.

அவள் பச்சை விசையை அழுத்தினாள்.

ரயில் பாலத்தில் ஏறியது. முதல் தூணைத் தாண்டியது. பெட்டிகளின் ஜன்னல்கள் எல்லாம் காலி. ஒன்றில் மட்டும் ஓர் ஆள் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை. கத்துகிற வாய். அந்த வாயை வரையத்தான் அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

தணிகாசலம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். சிரித்தார். சட்டையைப் பார்த்தார். வாயைப் பார்த்தார். பிறகு, பாலத்தின் முகப்பில் கொடியோடு நின்ற ஆளைத் திரும்பிப் பார்த்தார். கடைசியாக அவளை.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

மூன்றாவது தூண்.

மேசைக்கு அடியில் அவள் நரம்பை லேசாக இழுத்தாள். நான்காவது தூணின் மேல் கர்டர் ஒரு நூல் அளவு இறங்கியது. வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர் பொறியாளர்.

அவருடைய கை தானாக உயர்ந்தது, உள்ளங்கை ரயிலைப் பார்க்க.

"நிறுத்தும்மா! ரயிலை நிறுத்து!"

ரயில் போய்க்கொண்டிருந்தது.

"ஒண்ணும் ஆகாது சார்" என்றாள் அவள், வளையத்துக்குள் விரலை மடக்கியபடி.