அதே மாதிரி ஒண்ணு

எபிசன் இடுப்பில் ரிவால்வரோடு ரப்பர் தோட்டத்துக்குப் போவதைப் பார்த்த நாளிலிருந்து, பக்கத்து வீட்டு செல்வதாஸுக்குச் சோறு இறங்கவில்லை. பொறுக்கமாட்டாமல் நாகர்கோவில் துப்பாக்கிக் கடைக்கே வந்துவிட்டார்.

“எங்க ஊரு எபிசன் எதை வாங்கினான்?”

கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். “இதாக்கும். பாயின்ட் டூ டூ. கைக்கு அடக்கம், விலையும் கம்மி, குண்டும் கம்மி விலைதான்.”

“இதே விலையில, இதைவிடப் பெருசா தெரியுறது உண்டா?”

“உண்டு. ஆனா முதல்ல லைசென்ஸ் வேணும் அண்ணாச்சி. உயிருக்கு ஆபத்துன்னு காட்டினாத்தான் கிடைக்கும்.”

செல்வதாஸ் உதட்டைச் சுழித்தார். “அவன் உயிருக்கு என்ன பெரிய ஆபத்தாம்?”

“பக்கத்து வீட்டுக்காரனாக்கும். எபிசன் புதுக் காரு வாங்கின அன்னைக்கே கல்லெறிஞ்சு கண்ணாடிய உடைச்சிருக்கான். மாடி கெட்டினப்ப, வெட்டிப்போடுவேன்னு வாசல்ல வந்து நின்னிருக்கான். அந்தச் செல்வதாஸுக்குப் பயந்துதான் இதை வாங்கினேன்னு சொன்னாரு பாவம்.”

கடைக்காரர் ரிவால்வரைத் துணியால் துடைத்தபடி நிமிர்ந்தார்.

“அது கிடக்கட்டு. உங்க பேரு சொல்லலியே அண்ணாச்சி?”