மூன்றாவது வளைவு

"தோத்தவங்க வாய்க்குப் பூட்டு ஏது?" என்று முணுமுணுத்தார் தலைமை நடுவர்.

எதிரே நின்றவள் ஹெல்மெட்டைக் கீழே வைக்கக்கூட இல்லை. கக்கத்தில் இடுக்கியிருந்தாள்.

அன்றைய கார் பந்தயத்தில் கிட்டத்தட்டக் கடைசிவரை முதலிடத்தில் பறந்தவள்தான். மூன்றாவது வளைவில் யாரோ ஒருவனின் கார் நின்றுபோக, நடுவர் சேஃப்டி காரை அனுப்பினார். அது முன்னால் போனால் அத்தனை பேரும் அதன் பின்னால் ஊர்ந்துதான் வரவேண்டும். பாடுபட்டுச் சேர்த்த இடைவெளி போச்சு. அது விலகியதும், பின்னால் வந்தவன் முந்திவிட்டான்.

"போன மாசம் இதே வளைவுல, இதே மாதிரிதான் ஒரு கார் நின்னுச்சு. அப்ப ஏன் சார் அனுப்பலை? நாளுக்கொரு சட்டமா?"

"அந்தந்த நேரத்துல எது சரின்னு படுதோ, அதான்மா."

"எழுதிக் கொடுங்க. தோத்தவங்க கேட்டா எழுத்துல பதில் சொல்லணும்னு விதி இருக்கு."

பக்கத்தில் நின்ற பந்தயச் செயலாளர் நடுவரின் காதோரம் குனிந்தார்.

"இன்னைக்கு அனுப்பினது தப்புன்னு எழுதிடுங்க சார். கோப்பை கிடைச்சா இந்தப் பொண்ணு போயிடும். போன மாசத்தைக் கிளறினா, கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாயிடும்."

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனசாட்சியைவிடக் கோப்பைதான் பெருசு' என்று கசந்துகொண்டே எழுதினார் நடுவர்: 'இன்றைய முடிவு தவறு. முதலிடம் இவருக்கே.'

படித்தாள். இரண்டாகக் கிழித்தாள்.

"இன்னைக்கு நீங்க செஞ்சது சரி சார். சேஃப்டி கார் வந்ததாலதான் டிராக் ஓரம் கொடி காட்டுற கொடிக்காரங்க தைரியமா இறங்கி அந்தக் காரைத் தள்ளினாங்க. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை."

"பின்னே என்னதாம்மா வேணும்?"

"போன மாசம் அனுப்பாததுதான் தப்புன்னு ஒரே ஒரு வரி. அன்னைக்கு அடிபட்ட கொடிக்காரர் யாரும் சொல்லாம, தானா டிராக்ல இறங்கினார்னு அறிக்கையில எழுதியிருக்கீங்க. 'சேஃப்டி கார் வேணாம், சட்டுனு தள்ளிவிடு'ன்னு வாக்கிடாக்கியில சொன்னது நீங்கதானே சார்? ரெண்டு காலையும் பறிகொடுத்துட்டு, பழியையும் சுமந்துகிட்டுக் கிடக்கிறார் மனுஷன்."

செயலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவர் உனக்கு என்ன உறவு?" என்று கேட்டார் நடுவர்.

"ஒரு உறவும் இல்லை சார். அவர் மேல மோதினது என் கார்."

நடுவர் மெதுவாகப் புதுத்தாள் ஒன்றை எடுத்தார். பேனாவைத் திறந்தார். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "ரொம்ப நன்றி சார்" என்றாள்.

நடுவர் தலை நிமிராமல் எழுதினார்:

'இன்றைய முடிவு தவறு. முதலிடம் இவருக்கே.'